பத்தடிச் சாமான்

ரிவால்வர்தான் கனம். கையில் வாங்கியதுமே ஜெபக்கனி டீச்சருக்கு அது தெரிந்துவிட்டது. ஆனாலும் பிஸ்டலை இன்னொரு தடவை எடுத்து, வலது கையில் அது, இடது கையில் இது என்று வைத்துக்கொண்டு, சந்தையில் கருணைக்கிழங்கு வாங்க வந்தவள் மாதிரி நின்றாள். ஐம்பத்திரண்டு வயது, கழுத்தில் சிலுவை கோத்த சங்கிலி, தோளில் மதியச் சோற்று டப்பா வைத்த கைப்பை. சாக்பீஸ் துண்டைத் தவிர வேறு எதையும் யார் மேலும் எறிந்து அறியாத கை. கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற கடைக்காரர் திருவேங்கடம் அவசரப்படுத்தவில்லை, பட்டுச்சேலை விற்கிறவர்களுக்கு உண்டான பொறுமை அவருக்கும் இருந்தது. “ரெண்டுக்கும் குழல் அளவு ஒண்ணுதாம்மா. ரிவால்வர்ல ஆறு தோட்டா பிடிக்கும், பிஸ்டல்ல எட்டு,” என்றார். ஆறா எட்டா. ஒரு ஆளுக்கு எத்தனை வேண்டியிருக்கும் என்று கேட்க வாய்வரைக்கும் வந்துவிட்டது, கேட்கவில்லை, கேட்டால் அவர் சிரிக்காமல் பதில் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது. இன்றைக்குத் திங்கள். நாளைக்குச் செவ்வாய், அப்புறம் புதன், அப்புறம் வியாழக்கிழமை. வியாழக்கிழமை பத்தரை மணிக்கு அவள் கூண்டில் ஏறி, தன் புருஷன் அருமைத்துரையைக் கொன்றவன் இவன்தான் என்று கை நீட்டிச் சொல்ல வேண்டும். பார்த்த சாட்சி அவள் ஒருத்திதான். அதுவரைக்கும் அவள் உயிரோடு இருக்க வேண்டும், அதற்குத்தான் தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு வந்து, இந்தச் சந்துக்குள், மாடிப்படி ஏறி, ரயில் பெட்டி மாதிரி நீளமும் ஒடுக்கமுமாக இருக்கிற இந்தக் கடைக்குள் இரண்டு இரும்பை வைத்துக்கொண்டு நிற்கிறாள். தம்பி ஞானதாஸ் கீழே காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறான்.

எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் பெரிய பாடு. ஆம்பிளைகளுக்குச் சட்டையை மேலே இழுத்து விட்டால் தீர்ந்தது. சேலை கட்டுகிறவள் எங்கே வைப்பாள்? இடுப்பில் சொருகலாம் என்று திருவேங்கடம் ஒரு தோலுறையை எடுத்துக் காட்டினார், அதை மாட்ட பெல்ட் வேண்டும், இவளிடம் இருப்பது பாவாடை நாடா. முக்கால் கிலோ இரும்பை நாடாவில் தொங்கவிட்டால் அது பாவாடையையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு போகும். எட்டாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி எழுதும்போது இடுப்பிலிருந்து துப்பாக்கி விழுந்தால் பிள்ளைகள் என்ன செய்யும், சிரிக்குமா, ஓடுமா. ஓடுகிற பிள்ளை படிக்கட்டில் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்ளும். அப்படியென்றால் கைப்பைதான். கைப்பையில் சோற்று டப்பா, சிவப்புப் பேனா, மூட்டுவலித் தைலம், புதிய ஏற்பாடு, மகள் பெனிட்டா பெங்களூரிலிருந்து அனுப்பிய மடக்குக் குடை. துப்பாக்கியைத் தேடுகிற அவசரத்தில் குடை கையில் வந்தால்? நல்லா வரும். செத்த பிறகும் ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். பிஸ்டல் தட்டையாக இருக்கிறது, பையின் உள்பக்க ஜிப்புக்குள் சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும், ரிவால்வருக்கு நடுவில் குண்டுச்சட்டி மாதிரி வயிறு, பை புடைக்கும். அப்படியானால் பிஸ்டல். அதை எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் பிஸ்டலின் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா ஏறும் என்று திருவேங்கடம் செய்து காட்டினார், சடக்கென்று இழுத்தார், சடக்கென்று விட்டார். இவள் இழுத்தாள். பாதி வந்து நின்றுவிட்டது. வலது கைக் கட்டைவிரல் மூட்டில் இருக்கிற வலி, இருபத்தெட்டு வருஷம் சாக்பீஸ் பிடித்த வலி, தோள்வரைக்கும் ஏறியது. மறுபடி இழுத்தாள், மறுபடியும் பாதி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியினால் இல்லை. இதைக்கூடச் செய்ய முடியாதவள் யாரைச் சுடப்போகிறாள் என்று ஆத்திரம்.

அந்த நேரத்துக்கு ஞானதாஸ் மேலே வந்தான். மாடிப்படி ஏறிய மூச்சு, வேர்வை, சட்டைப் பையில் போன். “என்னக்கா, முடிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு இரண்டையும் ஒரு பார்வை பார்த்தான். “இதுல என்ன யோசிக்க? பிஸ்டல எடு. சின்னதா, பையில போட்டா போட்ட எடம் தெரியாது.” அவள், இழுக்க முடியவில்லை தம்பி, கைவலி என்றாள். “அதெல்லாம் பழகிரும்,” என்றான். “நான் இழுத்து ரெடி பண்ணித் தாறேன். நீ சும்மா பையில வச்சுக்கிட்டாப் போதும், ஒனக்கு ஒரு தைரியம்லா.” போன் அடித்தது. அளத்தில் லாரி வந்து நிற்கிறதாம், பேசிக்கொண்டே வெளியே போய்விட்டான். அவனுக்கும் பாவம் எத்தனை வேலை. அருமைத்துரை போனதிலிருந்து உப்பளத்தை அவன்தான் தூக்கிச் சுமக்கிறான், பள்ளிக்கூடத்து வேலைக்குப் போகிற இவளால் வெயிலில் நின்று ஆள் மேய்க்க முடியுமா. லைசன்ஸுக்கு அலைந்ததும் அவன்தான், கலெக்டர் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், டாக்டர் சர்டிபிகேட் என்று எட்டு மாதம். அம்மா சாகும்போது அவனுக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினாலு. இவள்தான் தலைக்குக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ஞாயிறு பள்ளிக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனாள். கடனைத் தீர்க்கிறான் என்று ஊரில் சொல்வார்கள், இவளுக்குக் கேட்கப் பிடிக்காது, தம்பி செய்வதில் கடன் என்ன வந்தது. சும்மா பையில வச்சுக்கிட்டாப் போதும். சும்மா வைத்துக்கொள்ளவா இத்தனை தூரம் வந்தது?

சும்மா இல்லை. ராஜமணி வருவான். ராஜமணி, அருமைத்துரைக்குச் சித்தப்பா மகன், பக்கத்து அளத்துக்காரன், கடல் தண்ணீர் வருகிற ஓடை யார் பக்கம் முதலில் திரும்ப வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மண்வெட்டியை ஓங்கியவன். மறுநாள் சனிக்கிழமை அருமைத்துரை செத்துப்போனார். ஜாமீனில் வெளியே வந்த நாளிலிருந்து அவன் சொல்லியனுப்பிக்கொண்டே இருக்கிறான். போன மாதம் கோயில் உபதேசியார் சம்சாரம் வந்து வாசலில் நின்று, உள்ளே வராமல், “ராஜமணி ஒங்கள ஒரு தடவ பாக்கணுமாம் டீச்சர். நீங்க சாட்சி சொல்றதுக்கு முன்னால. ரெண்டு நிமிசம் போதும்ங்கான்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஞானதாஸிடம் சொன்னபோது அவன் சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டான். “ரெண்டு நிமிசம் எதுக்குப் போதும்னு ஒனக்குத் தெரியாதா யக்கா? அத்தானுக்கு ரெண்டு நிமிசந்தான் ஆச்சு.” அன்றைக்கு ராத்திரியிலிருந்து இவள் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டு அம்மிக்கல்லையும் நகர்த்தி வைக்கிறாள். போன புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எதிர்ச்சாரியில் அவனே நின்றான். தோளில் மயில்கழுத்து நிறத்துத் துண்டு. இவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நெஞ்சுக்குக் கொண்டுபோனான், சட்டைக்குள்ளிருந்து எதையோ எடுக்கிறான் என்று நினைத்து இவள் திரும்பி ஓடி டீச்சர்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயதில், பிள்ளைகள் பார்க்க, செருப்பு ஒன்று வாசலிலேயே கிடக்க. என்ன திமிர் இருந்தால் அந்தத் துண்டையே போட்டுக்கொண்டு வந்து நிற்பான். அவர் இரத்தத்தைப் பார்த்த துண்டு.

அன்றைக்குக் காலை எட்டரை மணி. எத்தனை தடவை நினைத்தாலும் அது தூக்குச்சட்டியிலிருந்துதான் தொடங்குகிறது. இட்லியும் மிளகாய்ப்பொடியும், எண்ணெய் சிந்தாமல் இருக்க வாழையிலைத் துண்டு. பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் இவளே கொண்டுபோனாள். வரப்பில் நடக்கும்போதே கண் கூசியது, கீழே உப்பு, எதிரே உப்பு அம்பாரம், மேலே வெயில், எல்லாம் ஒரே வெள்ளை. வேலையாட்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள், தலையோடு முகத்தையும் துணியால் சுற்றிக்கொள்வார்கள், இவள் முந்தானையை நெற்றிக்கு இழுத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனாள். பாத்தியில் அவர் குப்புறக் கிடந்தார். தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் நாவல்பழக் கறை மாதிரி. அம்பாரத்துக்கு அப்பால் ஒருத்தன் ஓடையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான், ஓடவில்லை, வேகமாக நடந்தான், தலையில் மயில்கழுத்து நிறத்துத் துண்டு. இவள் கத்தினாள். அவன் ஒரு தடவை திரும்பினான். அந்தத் திரும்பல்தான், அந்த ஒரு நொடியில்தான் இவள் ராஜமணியைப் பார்த்தாள். அவன் மீசையைப் பார்த்தாள். அவன் கண்ணைப் பார்த்தாள். முப்பது அடி. போலீஸ் ஸ்டேஷனில் இவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, முகத்தைப் பார்த்தீங்களா என்று கேட்டார்கள். துண்டைப் பார்த்தேன், ராஜமணி துண்டு, நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்றாள். துண்டையெல்லாம் எழுத வேண்டாம், முகத்தைப் பார்த்ததாகவே இருக்கட்டும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். சரி என்று கையெழுத்துப் போட்டாள். பார்த்ததுதானே. பொய் இல்லையே.

“கையில பிடிச்சுப் பாருங்கம்மா,” என்றார் திருவேங்கடம். ரிவால்வரைத் திறந்து, ஆறு ஓட்டையும் காலி என்று அவளுக்குக் காட்டி, மூடிக் கொடுத்தார். “ஆளப் பாத்து நீட்டக் கூடாது, காலியா இருந்தாலும். அந்தா கடைசிச் சுவத்துல மாலை போட்ட படம் இருக்குல்ல, அதப் பாத்துப் பிடிங்க. ரெண்டு கையாலயும்.” இவள் இரண்டு கையாலும் பிடித்தாள். குழல் முனையில் குறி பார்க்க வைத்திருந்த சின்ன மேடு படத்தின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் அலைந்தது. விசையை இழுத்தாள், மெதுவாக உருளை திரும்பியது, டக் என்றது. அவ்வளவுதானா. இதற்கு மூட்டு வலிக்கவில்லை, இழுத்து விட வேண்டியதில்லை, இது எப்போதும் தயாராக இருக்கிறது. “நல்லாப் பிடிக்கிறீங்க,” என்றார். இவளுக்கு அசட்டுத்தனமாக ஒரு பெருமை வந்தது, ஒன்றாம் வகுப்பில் ஸ்லேட்டில் சரி போட்டுக் கொடுத்த மாதிரி. பேச்சுக்குக் கேட்டாள், “அண்ணாச்சி, படத்துல இருக்கது ஒங்க அப்பாவா?” அவர் சிரித்தார். “ஏன், அப்படித் தெரியுதா?” “மீச தெரியுதே,” என்றாள்.

“போய்ப் பாருங்க.”

போனாள். கடையின் அந்தக் கடைசிக்கு, தோட்டாப் பெட்டி அலமாரிகளைத் தாண்டி, காலிப் பெட்டிகளைத் தாண்டி. படத்தில் ஒரு வயதான அம்மாள், மூக்குத்தி, நடுவகிடு, பருத்திச் சேலை. சந்தனமாலையில் ஒரு சரம் தளர்ந்து வாய்க்கு மேலே தொங்கியது. அந்த நிழல்தான். மீசை இல்லை. “எங்கம்மா,” என்று திருவேங்கடம் அங்கிருந்தே சொன்னார், குரலில் கேலி இல்லை, தினமும் செய்கிற பாடம் போலிருந்தது. “இங்கருந்து அங்க நாப்பது அடி. டியூப்லைட் வெளிச்சம், அசையாத படம், நீங்க பதட்டமில்லாம நின்னுக்கிட்டிருக்கீங்க. அப்பவே மீசை வந்துருச்சு. வாங்குற எல்லார்கிட்டயும் இதச் சொல்லித்தான் அனுப்புறேன். இது பத்தடிச் சாமான்ம்மா. அதுக்கு அங்கிட்டு நிக்கிறது யாருன்னே நமக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பத்தடிக்குள்ள வர்றவனுக்குத்தான் இது. பத்தடிக்குள்ள வர்றவன் பெரும்பாலும் நமக்கு வேண்டியவனாத்தான் இருப்பான், அதயும் யோசிச்சுக்கங்க.”

மீசையைப் பார்த்தேனே. சத்தியமாகப் பார்த்தேன், முறுக்கிய நுனிகூடத் தெரிந்தது, கூண்டில் ஏற்றி வேதப்புத்தகத்தில் கை வைக்கச் சொல்லியிருந்தால் அந்தம்மாளுக்கு மீசை உண்டு என்று சத்தியம் பண்ணியிருப்பேன். ஜெபக்கனி அந்தப் படத்துக்கு முன்னாலேயே நின்றாள். நாற்பது அடி என்றால் இவ்வளவுதான். அப்படியானால் அளத்தில் வரப்புக்கும் அம்பாரத்துக்கும் முப்பது அடியா? இரண்டு பாத்தி. ஒரு பாத்தி முப்பது அடி என்று அருமைத்துரையே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். இரண்டு பாத்தி அறுபது, அதற்கு அப்பால் அம்பாரம், அதற்கும் அப்பால் அவன். எண்பதா, தொண்ணூறா. கணக்கு டீச்சர். இருபத்தெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குத் தூரமும் நேரமும் சொல்லிக்கொடுக்கிறவள். முப்பது அடி என்று எப்படி வாயில் வந்தது, யார் வாயில் வைத்தது? அந்த வெள்ளையில், அந்தக் கண்கூச்சத்தில், இடுங்கிய கண்ணோடு, குப்புறக் கிடந்தவரைப் பார்த்த கண்ணோடு, இவள் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டைப் பார்த்தாள். முந்தின நாள் மண்வெட்டியை ஓங்கியவன் யார் என்பது மனசில் இருந்தது. அந்த இரண்டும் சேர்ந்து மீசையை வரைந்துகொண்டது, கண்ணை வரைந்துகொண்டது. கர்த்தாவே, நான் என்ன செய்துவிட்டேன். ஆறு மாதம் ஒருத்தனை ஜெயிலில் வைத்தார்களே. அவன் பெண்சாதி ஆராதனைக்கு வந்தால் நம் வீட்டுப் பெண்கள் பெஞ்சியிலிருந்து எழுந்து வேறு இடம் போய் உட்கார்ந்தார்களே, நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

துண்டாவது அவனுடையதா? அதுவும் இவள்தான் செய்த வேலை. பெனிட்டா கல்யாணத்துக்குப் பெண் வீட்டு ஆண்கள் எல்லோரும் ஒரே மாதிரித் துண்டு போட்டு வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வேண்டும், அது அவர்கள் குடும்பத்து வழக்கம். திருநெல்வேலிக்குப் போய் இவளே நிறம் பார்த்து, மயில்கழுத்து நிறம், சரிகை வேண்டாம், தினமும் போட உதவும்படி கெட்டியாக இருக்கட்டும் என்று பதினோரு துண்டு எடுத்தாள். இவரோடு கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் ஏழு பேர், அதில் ஒருத்தன் ராஜமணி. ஒன்று அருமைத்துரைக்கு, அது இன்னும் வீட்டுக் கொடியில் தொங்குகிறது. மீதி ஒன்று. பதினோரு துண்டு எடுத்தவளுக்கு ஒரு துண்டைப் பார்த்ததும் ஒரே ஒருத்தன்தான் நினைவுக்கு வந்தான், பத்துப் பேரை மறந்துபோனாள், ஊரில் வேறு யார் செய்வார்கள் இப்படி ஒரு கூத்தை. அன்றைக்குத் துண்டில் இரத்தம் பட்டிருந்தால் ராஜமணி அதை எரித்திருப்பான், புதைத்திருப்பான். போன புதன்கிழமை அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு எதிரே வந்து நின்றானே. இரண்டு கையையும் நெஞ்சுக்குக் கொண்டுபோனானே. எதையும் எடுக்கவில்லையே. கும்பிட்டானா? அவன் கும்பிட்டானா? நான் பார்க்காமல் ஓடிவிட்டேனா? மைனி, ரெண்டு நிமிசம் என்று அண்ணன் பெண்சாதியிடம் கெஞ்சத்தான் வந்தானா? மீதி ஒரு துண்டு. அந்த ஒன்றைப் பற்றி நினைக்காமல் மனம் படத்துச் சட்டத்தைப் பார்த்தது, சட்டத்தில் செதுக்கியிருந்த கொடியைப் பார்த்தது, தூசியைப் பார்த்தது. மீதி ஒன்றை யாருக்குக் கொடுத்தாள் என்று அவளுக்குத் தெரியும். அவன் எப்போதும் மோட்டார் பைக்கில் போகும்போது அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போவான், அக்கா எடுத்துக் கொடுத்தது, வேற துண்டு கழுத்துக்குப் பிடிக்கல என்பான். இரண்டு வருஷமாக அவன் கழுத்தில் அதைப் பார்க்கவில்லை. இப்போதுதான் தெரிகிறது, பார்க்கவில்லை என்று. கார் வாங்கிவிட்டான், அதனால் இருக்கும். காரில் போகிறவனுக்குத் துண்டு எதற்கு? ஆமாம். அதுதான்.

அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், பிடித்த கையிலேயே வேறொன்று வந்து சிக்கியது. அன்றைக்கு ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இல்லை. அவர் அளத்தில் இருந்தார், சவத்தோடு, அவர் ஸ்டேஷனுக்கு வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அங்கே இருந்தது எழுதுகிற ஏட்டு ஒருத்தர்தான், பேனா எழுதாமல் உதறி உதறி எழுதினார், அவர் இவளை டீச்சர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். துண்டு வேண்டாம் என்ற குரல் எதிரிலிருந்து வரவில்லை. நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது. “துண்டு கிண்டுன்னு எழுதாதிய சார். அக்கா மொகத்தயே பாத்திருக்கா.” தோளில் ஒரு கை இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இவள் அழுதாள். முப்பது அடி என்று சொன்னதும் அந்தக் குரல்தான், முப்பது அடி இருக்கும்லாக்கா, என்று, எடுத்துக் கொடுக்கிற மாதிரி. அதற்கும் ஒரு பத்து நாள் முன்னால் அருமைத்துரை சாப்பிட உட்கார்ந்தவர், “ஒந் தம்பிய இனிமே அளத்துப் பக்கம் வரச் சொல்லாத,” என்றார். இவளுக்குச் சுரீரென்று கோபம். என் தம்பி என்றால் உங்களுக்கு இளப்பம் என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள். ஏன் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இரண்டு வருஷம் கழித்து, மதுரையில், யாரோ ஒருத்தருடைய அம்மா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, ஏன் என்று கேட்டாள். ஏங்க? எதுக்கு வரக் கூடாதுன்னு சொன்னிய?

“என்னம்மா முடிவு பண்ணீங்க?” என்றார் திருவேங்கடம். ஞானதாஸும் உள்ளே வந்து நின்றான். ஜெபக்கனி நாற்பது அடியையும் நடந்து திரும்பி வந்தாள், ஒவ்வொரு அடிக்கும் தம்பியின் முகம் துலங்கிக்கொண்டே வந்தது, வேர்வை, ஒரு நாள் தாடி, சின்ன வயதில் கொடிக்கம்பத்தில் மோதிக்கொண்ட புருவத்துத் தழும்பு. அந்த ரத்தத்தை இவள்தான் முந்தானையால் துடைத்தாள். இவன் இல்லை. இவனாக இருக்க முடியாது. இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். “ரிவால்வர்,” என்றாள். ஞானதாஸ், “பிஸ்டல்னுலா சொன்னேன்,” என்றான். “எனக்கு இழுக்க வரல,” என்றாள், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அவன் தோளைக் குலுக்கினான், அவ்வளவுதான், அதில் ஒன்றும் தெரியவில்லை. திருவேங்கடம் லைசன்ஸ் புத்தகத்தில் எண்ணை எழுதி, முத்திரை குத்தி, ரிவால்வரைத் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தார். தோட்டா டப்பாவைத் தனியாக எடுத்தார். “வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ரெண்டும் ஒரே பையில இருக்க வேணாம். நம்ம கடையில எல்லாருக்கும் சொல்றதுதான். தம்பிகிட்ட இருக்கட்டுமா?” என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் ஞானதாஸ் கை நீட்டி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். படியில் இறங்கும்போது, “பையக் குடுக்கா, கனமா இருக்கும், நான் வச்சிருக்கேன்,” என்றான், ஆறு வயதிலிருந்து அக்காவின் பையைத் தூக்கி வருகிறவன். பரவாயில்லை என்றாள். முதல் தடவையாகப் பையை அவனிடம் கொடுக்கவில்லை.

காரில் ஏறாமல் பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். அவளுக்கும் அது தோன்றியது. ஆனால் பஸ்ஸில் ஏறினால் அவன்தான் என்று ஆகிவிடும், இனிமேல் அதை அழிக்க முடியாது, அம்மா போனபின் மடியில் போட்டு வளர்த்த பிள்ளையை அவளே தூக்கிப் போட்டுவிட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் வழக்கம்போல முன்சீட்டில், அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைப்பை மடியில். வெயிலில் கிடந்த கார் அடுப்பு மாதிரி கொதித்தது. அவன் சாவியைப் போட்டுக்கொண்டே எப்போதும் சொல்கிறதைச் சொன்னான். “வக்கீல் கொழப்புவான் யக்கா. நீ கொழம்பக் கூடாது. முப்பது அடி. மொகத்தப் பாத்தேன். அவ்வளவுதான்.” இரண்டு வருஷமாக இதற்குச் சரி தம்பி என்றே சொல்லி வந்த வாய்.

“மொகத்தப் பாக்கலன்னு சொல்லப் போறேன்,” என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் தொடங்கிவிட்டாள், இனி நிறுத்த முடியவில்லை. “நான் துண்டத்தான் பாத்தேன் தம்பி. பெனிட்டா கல்யாணத்துக்கு எடுத்தம்லா, அந்தத் துண்டு. வியாழக்கிழம அதத்தான் சொல்லுவேன். ஒனக்கும் ஒண்ணு குடுத்தேன்லா. அது எங்கல இருக்கு?” சொல்லிவிடு. வீட்டில் கிடக்கு என்று சொல்லிவிடு, பரணில் கிடக்கு, கிழிந்துபோச்சு, காரைத் துடைக்கப் போட்டுட்டேன், எதையாவது சொல்லிவிடு ராசா, நான் தேடிப் பார்க்க மாட்டேன், காட்டு என்று கேட்க மாட்டேன், நீ சொன்னால் போதும், செத்துப்போகிற வரைக்கும் நம்பிக்கொள்வேன். அவனுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. கண்ணுக்குக் கீழே துடிக்கிற நரம்புவரைக்கும் தெரிந்தது.

“எந்தத் துண்டு?” என்றான் ஞானதாஸ்.

அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். துணிக்குள் ரிவால்வர் கனமாக இருந்தது, ஆறு ஓட்டையும் காலியாக. தோட்டா அவன் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராகப் புடைத்துக்கொண்டிருந்தது. அவன் முன்னால் பார்த்தபடி வண்டியை எடுத்தான். சந்து முனை தாண்டி வேகம் கூடியதும் நான்கு கதவுகளும் தாமாகப் பூட்டிக்கொண்டன, எப்போதும்போல.